ஓடுவதற்கும் ஒரு நேரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலமின்றிக் கல்வியும் கடமையும் ஏது என்பதே அதன் கருத்து. விழா மேடைகளில் இதைக் கேட்டு நாம் அனைவரும் கைதட்டுகிறோம். ஆனால் தேர்வு நெருங்கியதும் வீடுகளில் முதலில் கைவிடப்படுவது எது? அந்தச் சுவர்தான்!

நம் பள்ளி மைதானத்தைச் சற்று உற்று நோக்குங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் மான்குட்டிகளாய்த் துள்ளி ஓடிய தோழியர் பலரை ஒன்பதாம் வகுப்புக்குப் பின் அங்கே காணோம். அதிலும் 1500 மீட்டர், 3000 மீட்டர் என்னும் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் பெயர் கொடுப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. காரணம் கேட்டால் வரும் விடை ஒன்றே: "நேரமில்லை." பள்ளி, டியூஷன், பேருந்துப் பயணம், வீட்டுவேலை, விடுமுறை வந்தால் ஊர்ப்பயணம். இவற்றுக்கிடையே ஓட ஏது நேரம் என்கிறார்கள். இந்த விடை சரிதானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். நெடுந்தூர ஓட்டத்தைப் புதிதாய்ப் பழகும் ஒரு மாணவிக்கு வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரமும், ஒரு நாள் ஒரு மணி நேரமும் போதும். ஆக இரண்டரை மணி நேரம்! அதிலும் பெரும்பகுதி மூச்சிரைக்க ஓடுவதன்று. பக்கத்தில் வரும் தோழியுடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானமான ஓட்டமே இதயத்துக்கும் கால்களுக்கும் வலிமை சேர்க்கும். வார இறுதியின் நீண்ட ஓட்டத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினால் போதும். சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?

வேலை மிகுந்தவர்களால் முடியுமா என்று கேட்போருக்கு இருவரைக் காட்டுவோம். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் கிரேட்டே வைட்ஸ். வகுப்புக்குச் செல்லுமுன், குளிரும் இருளும் சூழ்ந்த அதிகாலையிலேயே அவர் ஓடி முடித்துவிடுவார். 1978-இல் நியூயார்க் மராத்தானில் முதன்முறையாக 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை ஓடினார். 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில் வென்று, அன்றுவரை எந்தப் பெண்ணும் எட்டாத நேரத்தைப் பதித்தார். அந்தப் பந்தயத்தை 1988 வரை ஒன்பது முறை வென்றார்.

மற்றவர் ஜப்பானின் யூக்கி கவாவுச்சி. சைத்தாமா மாகாண அரசின் கீழ்ப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர ஊழியராக இருந்தவர். மற்ற முன்னணி வீரர்கள் நாளுக்கு இருமுறை பயிற்சி செய்தபோது, இவர் வேலைநாட்களில் ஒருமுறை மட்டுமே ஓடினார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் கலந்துகொண்டார். அவற்றையே தம் கடும் பயிற்சியாக ஆக்கிக்கொண்டார். பயணம் அவருக்குத் தடையாகவில்லை, பயிற்சியின் பகுதியாகிவிட்டது. 2018-இல் கொட்டும் மழையிலும் குளிர்க்காற்றிலும் நடந்த பாஸ்டன் மராத்தானில் அவரே முதலாவதாக வந்தார்.

நாம் எல்லோரும் மராத்தான் வெல்ல வேண்டும் என்பதன்று நம் வாதம். அவ்விருவரும் மிச்சமாகும் நேரத்தில் ஓடவில்லை. ஓட்டத்துக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கி வைத்து ஓடினார்கள். மிச்சமாகும் நேரம் என்று ஒன்று உலகில் எவருக்குமே இல்லை. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

இனிப் பயணத்தைப் பற்றி. முழு ஆண்டு விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்கிறோம்; உறவினர் திருமணத்துக்காக இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து போகிறோம். அந்த வாரம் ஓட்டம் தடைப்பட்டால் எல்லாம் போயிற்று என்று மனம் உடைகிறோம். அச்சம் வேண்டாம். சில நாள் ஓய்வால் பழகிய வலிமை கரைந்துவிடாது. பல வாரம் தொடர்ந்து விட்டால்தான் கணிசமாய்க் குறையும். ஆகவே புறப்படும் நாளுக்கு முன்பே நீண்ட ஓட்டத்தை முடித்துவிடுவோம். பயண நாளை ஓய்வுநாளாகக் கொள்வோம். போய்ச் சேர்ந்ததும் கால்கள் வீங்கியிருந்தால் முதலில் நடப்போம். பையில் ஓடும் காலணி ஒரு சோடி இருந்தால் ஏரிக்கரையும் கண்மாய்க்கரையும் நமக்கு மைதானமே. விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்ட முனைவதுதான் தவறு. கால் நோவுக்கு அதுவே வழி. உறக்கத்தைக் குறைத்து ஓடுவதும் நன்றன்று. நம் வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. விடியலில் ஓட விரும்புகிறவள் முன்னிரவிலேயே விளக்கை அணைக்கட்டும்.

இவ்வளவும் மாணவியின் கையில் உள்ளவை. ஆனால் அவள் கையில் இல்லாததும் ஒன்றுண்டு. பெற்றோர் மனம் கோணாமல் இதைக் கேட்டருள வேண்டுகிறோம். பல இல்லங்களில் தம்பி பள்ளி விட்டதும் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அக்காள் பாத்திரம் துலக்குகிறாள். அவனுக்கு விளையாட்டு உரிமை. அவளுக்கோ, எல்லா வேலையும் முடிந்த பின் கிடைக்கும் சலுகை. "நேரமில்லை" என்னும் சொல்லின் பின்னே பெரும்பாலும் ஒளிந்திருப்பது இதுதான். வீட்டுவேலை இழிவானதன்று, அதைச் செய்வதில் நமக்குப் பெருமையே. ஆனால் வாரத்தில் நான்கு நாள் தம்பி தண்ணீர் பிடித்தால், அக்காளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். வேலையைப் பகிர்ந்தால் நேரம் பிறக்கும்.

"ஓடினால் படிப்புக் கெடும், வெயிலில் கறுத்துவிடுவாள், பெண்பிள்ளைக்கு இது தாங்குமா?" என்பார் உளர். பெண்களுக்குத் தாங்காது என்னும் சொல் புதிதன்று. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து வீழ்ந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 1960 வரை அப்போட்டி பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இல்லாமலே போயிற்று. பெண்கள் மராத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெறவோ 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாங்காதது பெண்ணின் உடலன்று, பிறருடைய எண்ணமே என்பதைக் காலம் காட்டிவிட்டது.

மகள் சோர்ந்து போனால், ஓட்டத்தைக் குறை கூறுமுன் அவளுடைய இரத்தத்தைப் பரிசோதியுங்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அவர்களுக்கு மருத்துவர் அறிவுரையும், கீரையும் கேழ்வரகும் பயறும் வேண்டும். மைதானத்திலிருந்து நிரந்தர விடுப்பு வேண்டியதில்லை.

இருள் பிரியாத தெருவில் மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் தாயின் கவலை நியாயமானதே. அதற்கும் வழி உண்டு. தந்தையோ அண்ணனோ மிதிவண்டியில் உடன் வரலாம். அம்மாவும் கூடவே நடக்கலாம். நடை அவர்களுக்கும் நலம் தரும். அருட்சகோதரிகளிடம் நம் தாழ்மையான விண்ணப்பம் ஒன்று: பள்ளி மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக மைதானத்தின் கதவைத் திறந்து, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்கும் வாரத்தில் மூன்று நாள் அங்கே இடம் கொடுங்கள். பொதுத்தேர்வு எழுதுகிறவளுக்கும் கால்கள் உண்டு.

அன்புத் தோழியரே! நெடுந்தூர ஓட்டத்தில் முதல் சுற்றில் முந்துகிறவள் வெல்வதில்லை. தன் வேகம் அறிந்து கடைசிச் சுற்றுவரை நிற்கிறவளே வெல்கிறாள். படிப்பும் அப்படியே, வாழ்வும் அப்படியே. நாள்காட்டியை எடுத்து இந்த வாரத்தின் நான்கு நேரங்களைக் குறித்து வைப்போம். அம்மாவிடம் காட்டுவோம், தம்பியிடமும் காட்டுவோம். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு புறப்படுவோம்!