காய் வேறு, முற்றிய காய் வேறு, பழம் வேறு

சப்போட்டா பிடிக்காது என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல சப்போட்டாவைச் சாப்பிட்டதே இல்லை என்பது என் கட்சி. அவர்கள் சாப்பிட்டது பழம் போலத் தோன்றிய காயை. நாக்கு துவர்த்து, உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? என் பேரனுக்கு முதன்முதலாக வாய்த்தது அப்படி ஒரு பழம்தான். இன்றைக்கும் தட்டில் வைத்தால் தள்ளிவிடுகிறான்.

இந்தப் பழத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாழையும் மாவும் நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். சப்போட்டா காயாக இருந்தாலும் பழுப்பு, கனிந்தாலும் பழுப்பு. அதனால் கண்ணை நம்பிப் பயனில்லை.

எங்கள் கொல்லையில் பல வருஷமாக ஒரு சப்போட்டா மரம் நிற்கிறது. அதில் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிஞ்சுக் காயின் தோலில் மரத்தூள் மாதிரி ஒரு சொரசொரப்பு அப்பியிருக்கும். காய் முற்ற முற்ற அது உதிர்ந்து தோல் வழவழப்பாகும். காயின் நுனியில் முள் போலக் காய்ந்து நிற்பதும் தொட்டால் உதிரும். சந்தேகம் இருந்தால் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் விட்டுவைக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். பறிக்கும்போது பால் கொட்டினாலும் அவசரப்பட்டுவிட்டோம் என்றே பொருள். சூயிங்கம் செய்ய ஒரு காலத்தில் பயன்பட்டது இந்த மரத்துப் பால்தான். வாயில் ஒட்டாமல் என்ன செய்யும்?

முற்றிய காயைப் பறித்துக் கழுவித் துடைத்து, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் ஒரு வாரத்துக்குள் கனிந்துவிடும். பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கிறது. நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, வேலை தெரியும். காயாக இருக்கும்போதே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகக் கனியாது. கனிந்த பிறகு வைக்கலாம். காம்புப் பக்கம் மெல்லத் தொட்டால் கொஞ்சம் அமிழ வேண்டும், மணம் வர வேண்டும். அதுதான் பதம். புளித்த வாடை வந்தால் பதம் தாண்டிவிட்டது.

முற்றாத காயை எதில் வைத்தாலும் அது வெம்புமே தவிர, கனியாது. கார்பைடு கல்லும் இந்தக் குறையைத் தீர்க்காது. அது ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். வெல்டிங் வேலைக்கு உரிய சரக்கு அது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்கவைத்த பழங்களை விற்கக் கூடாது என்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.

அப்படியும் ஏன் நடக்கிறது? வியாபாரியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்னைக்கே சாப்பிடற மாதிரி குடு" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். கேட்டதோடு நிற்காமல் கூடையில் உள்ள அத்தனையையும் அமுக்கிப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பழக்காரம்மா ஒருநாள் சொன்னார்: "ஐயா, பத்துப் பேரு அமுக்குனா பதினோராவது ஆளுக்கு அழுகல்தான். அந்த நஷ்டம் யாரு தலையில?" பதில் சொல்ல முடியுமா?

ஆகவே நான் சொல்வது இதுதான். சுருக்கமில்லாத, தோல் வழவழப்பான, கெட்டியான காயாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வைத்துப் பழுக்கவிட்டுச் சாப்பிடுங்கள். "கெட்டியானதே போதும்" என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் அவசரமாகப் பழுக்கவைக்கும் தேவையும் குறையும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பல் போனவர்களுக்கும் தோதான பழம் இது. ஆனால் இனிப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவோடு சாப்பிடுங்கள். வௌவால் கடித்தது கீழே கிடந்தால், அதுதான் ருசி என்று எடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிபா கிருமி வௌவால் வழியாகப் பரவும் என்று சுகாதாரத் துறையினரே எச்சரிக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு முதல் பழம் கொடுக்கும்போது மட்டும் இரண்டு நாள் கூடுதலாகப் பொறுத்திருங்கள். முதல் ருசி கெட்டால் குழந்தை அந்தப் பழத்தையே ஒதுக்கிவிடும். வேலைக்கு ஓடுகிற பெற்றோருக்கு இல்லாத அவகாசம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. தினம் ஒருமுறை அரிசிப் பானையைத் திறந்து தொட்டுப் பார்க்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாமே.