சேதாரம் யார் தலையில்?

சங்கரன்கோவிலில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் செய்கூலிக்குப் பக்கத்தில் 'சேதாரம்' என்று ஒரு வரி இருக்கும். உருக்கும்போதும் அராவும்போதும் குறைகிற தங்கம் வாங்குகிறவர் தலையில் விழும். 'தங்கலான்' பார்த்துவிட்டுக் கோலார் பற்றி விசாரிக்கும் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவதும் ஒரு சேதாரக் கதைதான்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது. வடாற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் போன நம் சனம்தான் பாதாளத்தில் இறங்கிப் பாறை உடைத்தது. அந்தப் பாறை ஸ்டாம்ப் மில்லில் மாவாகி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடும். அதில் ஒட்டாத தங்கத்தைச் சயனைடில் கரைத்து எடுப்பார்கள். என்ன செய்தாலும் முழுவதும் கைக்கு வராது. சில துகள் கல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், சில தண்ணீரோடு போகும், சில மில் இடுக்கில் தங்கிவிடும். எனவே உள்ளே போன பாறையில் எவ்வளவு தங்கம் என்று மாதிரி எடுத்துக் கணக்கிட்டு, கிடைத்ததையும் கழிவில் போனதையும் அதில் கழிப்பார்கள். அப்படியும் கணக்கு உதைக்கும். மாதிரி எடுத்ததிலேயே பிழை இருக்கலாம்.

ஆனால் சந்தேகத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே! தங்கத் திருட்டுக்கென்றே சட்டம் வந்தது, உடல் சோதனை வந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய நிர்வாகம் முனைந்தபோது, 1930-இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர்கூட ஒரு குன்றிமணி எடுத்ததில்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. தங்கவயலைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளைப் பாருங்கள் என்கிறோம். சுமார் 3.3 கோடி டன் கழிவு. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது, ஆனாலும் மொத்தத்தில் 23 டன் தங்கம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இவ்வளவு தங்கம் வெளியே போனதற்காக எந்தத் துரையிடமும் யாரும் கைரேகை கேட்கவில்லை.

பாறைத் தூள் நெஞ்சுக்குள்ளும் போனது. 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ். கழிவில் போன தங்கத்தைக் கிராம் சுத்தமாக எழுதிய பேரேட்டில் இந்த நுரையீரல்களுக்கு ஒரு பத்திகூட இல்லை. சாதிச் சமூகம் கணக்கு எழுதும் முறை இதுதான்: பொருள் குறைந்தால் நம்மைச் சோதனை போடும், நாம் குறைந்தால் அதற்குத் தெரியாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். 2024 ஜூனில் 13 மேடுகளைத் திரும்பவும் தோண்ட கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசி பறந்து வருவது தொழிலாளர் லைன் வீடுகளுக்குள்தான். முதல் கிராம் தங்கம் எடுக்கும் முன்பே அங்கே மார்பு எக்ஸ்ரே முகாம் போட வேண்டும், முன்னாள் தொழிலாளர்களின் பாக்கியையும் வீட்டுப் பட்டாவையும் முடித்துத் தர வேண்டும், வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு எழுத வேண்டும். வேதியியலும் வணிகவியலும் படிக்கிற பிள்ளைகள் ஏல ஆவணம் வெளியானதும் வாங்கிப் படியுங்கள். அதில் சேதாரம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.