மேகாலயம்: கைமாறும் நிலம், காப்பாரற்ற காடு

புதுதில்லி: காடு என்றாலே அரசு நிலம் என்று எண்ணுவது தலைநகரின் வழக்கம். மேகாலயத்தில் நிலைமை நேர்மாறானது. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் இருப்பதோ அதில் மிகச் சிறு பகுதி. எஞ்சியவை குலங்களுக்கும் கிராமங்களுக்கும் தனியாருக்கும் உரியவை.

காசி மலைப்பகுதியில் 'ரி ரெய்ட்' எனப்படும் பொது நிலத்தைத் திருத்திப் பயிரிடுவோருக்கு அனுபவ உரிமை மட்டுமே உண்டு. தரிசாக விட்டால் நிலம் சமூகத்துக்கே திரும்பும். ஆனால் வீடு, தோட்டம் என நிலையாக ஏதேனும் அமைத்துவிட்டால் அது அவரிடமே தங்கிவிடுகிறது. பொது நிலம் தனிச் சொத்தாவது இந்த வழியில்தான். குலக்காட்டில் மரம் வெட்டப் பலரது இசைவு வேண்டும். தனி உடைமையாளருக்குப் பணமுடை ஒன்றே போதும். இயற்கைக் காடு துடைப்பப்புல் தோட்டமாகிறது. ஜைந்தியா மலைகளில் நிலக்கரிக் குழியுமானது. அத்தகைய 'எலிவளை'ச் சுரங்கங்களுக்கு 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது.

உடைமை எவருடையதாயினும் காடு காடே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, அறிவிக்கை செய்யப்பட்ட அல்லது அரசுப் பதிவேட்டில் உள்ள காடுகளோடு நின்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பழைய விளக்கத்தையே பின்பற்றுமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. நில அளவையே முழுமை பெறாத மாநிலத்தில் பதிவேட்டை நம்புவது விந்தைதான். அப்பதிவேட்டை எழுதும்போதும் குலத்தின் பெயர் இடம்பெறுமா, நிலத்தைக் கைக்கொண்டவரின் பெயரா என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.