அட்டைப்பெட்டியில் 500 வாட்

ஹாம் (பொழுதுபோக்கு) வானொலிக்காரர்களுக்கு விற்கும் மலிவு ஆம்ப்ளிஃபையர் ஒன்று. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘500 வாட்’. பிரித்துப் பின்பக்கம் திருப்பினால் 13.8 வோல்ட், 20 ஆம்பியர் ஃபியூஸ். பெருக்கிப் பாருங்கள்: 276 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் பாதிக்குப் பாதி ஹீட் சிங்க்கில் சூடாகக் கரையும். ஆன்டெனா சாக்கெட்டுக்கு 150 வாட் வந்தால் பெரிது. மிச்சம் 350 வாட்டும் அச்சகத்தில் உற்பத்தியானது.

கணநேர உச்சத்தை ஃபியூஸ் தாங்கும் என்பார்கள். தாங்கட்டும், அந்தக் கணம் எவ்வளவு என்பதையும் பெட்டியில் போடுங்கள்!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதற்குச் சாக்கு இருந்தது. உரிம வரம்பே கடைசிக் கட்டத்துக்குள் போகும் டிசி மின்திறனை வைத்து, 1000 வாட் என்று இருந்தது. ஹீத்கிட் எஸ்பி-220 ஆம்ப்ளிஃபையர் ‘2000 வாட் பிஇபி இன்புட்’ என்று விற்றது; பிஇபி என்றால் பேச்சின் உச்சத்தில் உள்ள திறன், சராசரி அல்ல. ‘இன்புட்’ என்ற சொல்லை ஒளிக்கவில்லை. 1983-ல் வரம்பு 1500 வாட் பிஇபி அவுட்புட் என்று மாறியதும் அந்தச் சாக்கு செத்தது. இன்றைய தந்திரம் வேறு. ஹார்மோனிக்கை, அதாவது அலைவரிசையின் மடங்குகளில் பிறக்கும் வேண்டாத சிக்னலை, வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரே இல்லாத பெட்டியை ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் மாட்டி, மீட்டரைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். வாட் மீட்டருக்கு ஹார்மோனிக்கும் வாட்தான். அடுத்தவன் அலைவரிசையில் கொட்டும் குப்பைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

பேச்சுக்குத் தாங்கும் பெட்டியை நம்பி எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோடில் இறங்குபவர் கதி இன்னும் மோசம். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 15 விநாடிச் சுற்றில் 12.64 விநாடி முழுத் திறன். டிரான்சிஸ்டர் வெடித்தபின் வாரண்டி கேட்டால், ‘அதிகமாக ஓட்டினீர்கள்’ என்று பதில் வரும். பெட்டியில் அச்சிட்டதில் பாதிக்கும் குறைவாகத்தானே ஓட்டினார்?

இத்தனை புளுகும் எதற்கு? 250 வாட்டை உண்மையாகவே 500 ஆக்கினாலும் 3 டெசிபெல்தான், எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் அரை எஸ்-யூனிட். கேட்பவர் கவனிப்பதே சந்தேகம்.

வீட்டு ஸ்டீரியோவுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி போட்டது: தொடர்ந்து தரும் சராசரித் திறனைச் சொல், எவ்வளவு சிதைவோடு என்றும் சொல். ஹாம் பெட்டிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். எந்த பேண்டில், எந்த மோடில், எத்தனை வோல்ட்டில், எத்தனை நிமிடம், எவ்வளவு சிதைவோடு எத்தனை வாட் வெளியே வரும்? இவ்வளவும் பெட்டியின் முகப்பிலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே விற்றதற்குத் திருத்திய எண்ணை வாங்கியவருக்கு அனுப்புங்கள். பெட்டி வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்புங்கள்.