கேன்சருக்கே வாய்தா!

ஆஸ்பத்திரிக்குப் பேஷண்ட்டைப் பார்க்க வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பவர் முதல் ரகம். 'எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் சார்... மூணே மாசம்!' என்று ஆறுதல்(!) சொல்பவர் இரண்டாம் ரகம். மூன்றாவதுதான் அபூர்வம். 'என்னடா, கேஷுவல் லீவு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அட்மிட்டே ஆயிட்டியா?' என்றபடி நுழைவார். படுத்திருப்பவருக்கு நாலு நாள் கழித்துப் பல் தெரியும்.

இந்த மூன்றாவது ரகத்துக்காகத்தான் இந்த வார வக்காலத்து. சாட்சி, காஞ்சிபுரத்துக்காரர். பெயர், அறிஞர் அண்ணா!

1968 செப்டம்பர். முதலமைச்சர் அண்ணாவுக்குக் கேன்சர். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் மில்லர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அண்ணாவோ, 'ஒரு நாள் தள்ளிப் போடலாமா? கையிலிருக்கும் நாவலை முடித்துவிடுகிறேன்' என்றாராம். மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை. நாமெல்லாம் பல் பிடுங்கவே வாய்தா கேட்கிற கேஸ். ஆனால் பயத்தில். அண்ணா கேட்டது, கதையின் முடிவு தெரியவேண்டும் என்ற ஆசையில்!

சரி, சிரிச்சா கேன்சர் போயிடுமா? போகாது சார். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிய அண்ணா, 1969 பிப்ரவரி 3-ம் தேதி மறைந்தார். வயது 59. அவர் பெயரில் காஞ்சிபுரத்துக் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே வைத்தியம் கத்தி, கதிர்வீச்சு, மருந்துதான். 'சிரிச்சா கட்டி கரையும்' என்று யாராவது சொன்னால், அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் சிரிப்பு எதற்கு? வலிக்கு! நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1964-ல் முதுகெலும்பை முடக்கும் வியாதியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் காமெடிப் படமாகப் போட்டுப் பார்த்தார். 'பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாத தூக்கம்' என்று பிறகு புத்தகமே எழுதினார். ஒருத்தர் சொன்னால் போதுமா என்கிறீர்களா? 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு சோதித்தே பார்த்தது. பலரோடு சேர்ந்து சிரித்த பிறகு வலி தாங்கும் சக்தி கூடுகிறது!

அந்தச் 'சேர்ந்து'தான் முக்கியம். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். சிரிப்பும் அப்படித்தான்.

ஒரே ஒரு கண்டிஷன். வியாதியைப் பற்றின முதல் ஜோக் பேஷண்ட்டுக்குச் சொந்தம். கீமோவில் முடி கொட்டினவர் தலையைத் தடவி, 'திருப்பதி பஸ் சார்ஜ் மிச்சம்' என்றால் சேர்ந்து சிரிக்கலாம். அதையே நாம் சொன்னால் குத்தல். அவர் அழுதால், பேசாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் மனுஷன் வெறும் பெட் நம்பர் ஆகிவிடுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுக்கிற சிநேகிதன்தான் அவனை மறுபடி மனுஷனாக்குகிறான்.

ஆகவே, ஆப்பிள் வாங்கிப் போங்கள், தப்பில்லை. கூடவே ஆபீஸ் வம்பு நாலு எடுத்துப் போங்கள். ஆப்பிளை அநேகமாகத் துணைக்கு இருக்கும் மச்சான்தான் சாப்பிடப் போகிறார். வம்பு மட்டும் முழுசாகப் பேஷண்ட்டுக்கே!