சுறா வாயைக் கட்ட 5 பர்சன்ட்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது பாலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் வரும் என்று யோசிப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தி என்றால் செலவுக் கணக்கு. மாப்பிள்ளையைப் பார்த்தால் தேய்மானம். அடியேனும் அந்தக் கோஷ்டிதான்.

அந்தப் படிப்பில் கொட்டாவியை வரவழைக்கும் ஒரு வார்த்தை, 'இன்டாஞ்சிபிள் அசெட்'. தொட்டுப் பார்க்க முடியாத சொத்து. குட்வில், பேட்டன்ட், டிரேட் மார்க் வகையறா. மேஜை, பீரோ, லாரி இதையெல்லாம் தொடலாம், இடித்துக்கொள்ளலாம். குட்வில்லில் முழங்காலை இடித்துக்கொண்டவர் உண்டா? பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் மணப்பாடு போனால் மறக்க முடியாது!

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தையும் தாண்டிப் போனால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு மணல் குன்று. உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. இந்தக் கரை முழுவதற்கும் முத்துக்குளித்துறை என்று பெயர். முத்தைத் தொட்டுப் பார்க்கலாமே, அதில் என்ன தொட முடியாத சமாசாரம் என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார். ராஜாவுக்குப் பத்தில் ஒன்று. சரி, வரி. அடுத்து, இருபதில் ஒன்று, அதாவது 5 பர்சன்ட், சுறா வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு! ராஜா வாங்குவதில் பாதி. கடலில் இறங்க வேண்டாம், மூச்சுப் பிடிக்க வேண்டாம். கரையில் நின்று முணுமுணுத்தால் போதும். இன்றைய கன்சல்டன்ட்டுகளுக்கு இவர்தான் மூதாதை.

இன்னொரு நுணுக்கமும் சொல்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ஏன்? ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக்குளிக்கக் கூடாதே! பகலில் இன்ஷூரன்ஸ், ராத்திரியில் வாட்ச்மேன். இரண்டும் ஒரே மந்திரத்தில், ஒரே சம்பளத்தில். எந்த எம்.பி.ஏ.வுக்கு இந்த யோசனை வரும்?

மூட நம்பிக்கை என்று சிரிக்கலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் சலாபம் நடத்திய வெள்ளைக்கார சர்க்காரும் இந்தக் 'கடல்கட்டி'க்குக் கூலி கொடுத்தது. அரையணாவுக்கு வவுச்சர் கேட்கிற சர்க்கார் அது! மந்திரத்தை நம்பியா கொடுத்தான்? இல்லை ஸார். கடல்கட்டி இல்லையென்றால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அவன் காசு கொடுத்து வாங்கியது சுறா வாய்ப்பூட்டை அல்ல, இறங்குகிறவனின் தைரியத்தை. நாம் மாதா மாதம் எல்.ஐ.சி.க்குக் கட்டுகிறோமே, அது என்னவாம்? எமன் வாயையா கட்டுகிறோம்? ராத்திரி நல்ல தூக்கம் வாங்குகிறோம்.

அடுத்தது ஏலம். சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா, யாருக்கும் தெரியாது. நேற்று ஒருவனுக்குப் பெரிய முத்து கிடைத்ததாம் என்று ஒரு வதந்தி போதும், இன்றைக்கு விலை ஏறிவிடும். வியாபாரி காசு கொடுத்து வாங்கியது சிப்பியையா? நம்பிக்கையை. ஷேர் மார்க்கெட்டில் கை சுட்டுக்கொண்ட நண்பர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

சரி, முத்தாவது கெட்டியான சொத்தா? 1917-ல் நியூயார்க்கில் கார்ட்டியர் கம்பெனி ஒரு முத்து மாலையைக் கொடுத்து, பதிலுக்கு ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. மாலையின் மதிப்பு அப்போது பத்து லட்சம் டாலர். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து உலகமெங்கும் வந்து இறங்கியது. 1957-ல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது ஒன்றரை லட்சம் டாலரைத்தான் சுற்றி வந்தது. ஒரு முத்துகூட உதிரவில்லை, பளபளப்பு குறையவில்லை. 'கிடைக்காத பொருள்' என்ற எண்ணம் மட்டும் உதிர்ந்தது. விலையில் பெரும்பங்கு அதுதான் போலிருக்கிறது.

இனி என்னை மடக்கிய விஷயத்துக்கு வருகிறேன். குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். மூச்சு ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. படகில் இருப்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பீடி பற்றவைத்தால் முடிந்தது கதை. கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் சொல்லும் வழக்கம்.

மணப்பாட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "ஏன் தாத்தா, கூடப் பொறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?"

சிரித்தார். "அண்ணன் தம்பின்னா சொத்துல பங்கு உண்டுல்லா? மச்சானுக்கு அப்படி இல்ல. அவன் தங்கச்சி தாலியில்லா அந்தக் கயித்துல தொங்குது!"

நாலு வருஷம் ஆடிட்டிங் படித்தாலும் இவ்வளவு சுருக்கமாக 'இன்டர்னல் கன்ட்ரோல்' யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துச் சலாபம் 1961-ல் நடந்தது. பார்களில் சிப்பி அற்றுப்போக, அதோடு நின்றது. 1973-ல் தூத்துக்குடியிலேயே விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உண்டாக்கிவிட்டார்கள். ஆக, முத்து திரும்பி வந்தது. எந்தப் பாரில் எப்போது இறங்கலாம், நீரோட்டம் எப்படி, கயிற்றின் எந்தச் சுண்டலுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம்? அது பெரியவர்களோடு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோ 2003-ல்தான் விழித்துக்கொண்டு, தொட முடியாத பாரம்பரியத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. அதற்குள் இங்கே கயிற்றை விட்டு நாற்பத்திரண்டு வருஷம்.

நம் கணக்கு விதிகளோ இன்னும் கறார். கணக்குத் தரநிலை 26 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் சொத்தாகக் காட்டலாம்; தானே உழைத்துச் சேர்த்த நல்ல பெயரைக் காட்டக் கூடாது. 2021-ல் வருமான வரிச் சட்டத்தையும் திருத்தி, குட்வில்லுக்குத் தேய்மானம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நல்ல பெயர் வருஷா வருஷமா தேயும்? ஒரே நாளில் மொத்தமாகப் போய்விடும்!

உங்கள் ஆபீஸில் யாராவது ரிட்டயர் ஆகும்போது கவனியுங்கள். சால்வை போடுவார்கள். அடையாள அட்டை, லாக்கர் சாவி, லேப்டாப் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு 'பாக்கி ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போடுவார்கள். எந்தக் கஸ்டமரிடம் எப்படிப் பேசினால் பணம் வரும், எந்த ஃபைலில் எந்த வில்லங்கம் தூங்குகிறது என்பதை மட்டும் மனிதர் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவார். யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் ஆபீஸே அலறும். அதனால், சால்வைக்கு ஒரு மாசம் முன்பே அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். டீ செலவு உங்களுடையது. இதைவிட மலிவாக எந்தச் சொத்தும் வாங்க முடியாது.

கடைசியாக ஒன்று. பாங்கில் லோன் கேட்டால் மேனேஜர் சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் பார்த்துவிட்டு, "ஷூரிட்டி யார்?" என்பார். பெரும்பாலும் யார் வந்து கையெழுத்துப் போடுகிறார்? மச்சான்தான்! கடல் மாறினாலும் கயிறு அவர் கையில்தான் இருக்கிறது. போன தீபாவளிக்கு வேட்டி சரியில்லை என்று அவரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறீர்களா? முதலில் போனைப் போடுங்கள் ஸார்.