முறுக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

‘மீசைதான் தமிழனின் வீரம்’ என்று ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு வருஷத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடுகிறது. கூடவே ஒரு அய்யனார் சிலை, ஒரு கட்டபொம்மன் படம். சரி, மீசைக்கு வரலாறு இருக்கிறதுதான். ஆனால் அது வீரத்தின் வரலாறு இல்லை. யார் வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்று வேறு யாரோ முடிவுசெய்த வரலாறு.

வெள்ளைக்காரனிடமிருந்தே ஆரம்பிப்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மேலுதட்டை மழிக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் விதி. மீசை நன்றாக முளைக்காத பையனும் வைத்தே ஆகணும். முதல் உலகப் போரின் நடுவே, 1916 அக்டோபரில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அத்தனை பெரிய படையின் மீசைக் கம்பீரம் ஓர் உத்தரவில் வந்து இன்னோர் உத்தரவில் போய்விட்டது. இதில் வீரம் எங்கே இருக்கு?

நம்மிடம் உத்தரவு போட ராணுவம் தேவைப்படவில்லை. சாதியே பார்த்துக்கொண்டது. ஆச்சாரமான பிராமண வீடுகளில் மீசை ஆகாது. பாரதி மீசை வைத்தது அதனால்தான் மீறல். ஆனால் அவர் உதறியது உயர்வின் அடையாளத்தை. தலித் ஒருவருக்கு அதே மழித்த உதடு பணிவின் அடையாளம். அதை அவர் உதறினால் அடி விழும்.

பழங்கதை இல்லைங்க. 2017இல் குஜராத்தின் காந்திநகர் அருகே லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தாக்கப்பட்டதாகத் தலித் இளைஞர்கள் புகார் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக அந்த மாநிலத்தின் தலித் இளைஞர்கள் பலர் வாட்ஸப் முகப்பில் ஒரு முறுக்கு மீசையை வைத்தார்கள். கீழே ஒரு கிரீடம், ‘மிஸ்டர் தலித்’ என்று இரண்டு சொல். எஸ். ஹரீஷின் மலையாள நாவல் ‘மீசை’யில், குட்டநாட்டு வாவச்சன் நாடகத்தில் போலீஸ் வேஷத்துக்காக மீசை வைக்கிறான். நாடகம் முடிந்தும் எடுக்க மறுக்கிறான். ஊரே மிரள்கிறது.

எங்க தாத்தாவுக்கு மீசை கிடையாது. ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். “அரிக்கும்ப்பா” என்றார். அவர் போனபிறகுதான் பெரியப்பா சொன்னார்: கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை ஆசையாக வளர்த்தாராம். களத்துமேட்டில் நாலு பேர் பார்க்க உட்கார வைத்து மழித்துவிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் கடைசிவரை அவருக்கு அரித்தது.

“அட, முடிதானே, இதெல்லாம் ஒரு மேட்டரா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வெறும் முடி என்றால் அதை ஏன் சபையில் மழிக்கிறார்கள்? வீரம் என்றால், மேலுதட்டில் நாலு முடி தெரிந்ததும் த்ரெட்டிங்குக்கு ஓடவேண்டியிருக்கும் பெண்களுக்கு அந்த வீரம் ஏன் சேரவில்லை?

சினிமா இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. எம்.ஜி.ஆரின் பென்சில் மீசையில் மிரட்டல் இல்லை, வெறும் அழகுதான். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ வேறு. லண்டனில் படித்துவிட்டு வந்த பிள்ளை அப்பாவின் இடத்துக்கு வரும்போது மீசையும் முறுக்கிக்கொள்கிறது. அதிகாரம் கைமாறிவிட்டது என்பதற்கு அந்த மீசைதான் சாட்சி. அதை முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு ஒரு தலைமுறை பைக்கில் சுற்றியது. 2019இல் விமானி அபிநந்தனின் மீசை சலூன்களுக்கு வந்தது. கத்தரிக்குச் சாதி தெரியாது, எல்லோருக்கும் வெட்டிவிட்டார்கள். ஆனால் வெட்டிக்கொண்டு எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது என்பதை சலூன்காரர் முடிவுசெய்வதில்லை.

மீசையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அருவா மீசையோ கடா மீசையோ, ஆசைப்பட்டதை வைங்க. அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தால் மட்டும், அனுப்பியவரிடம் ஒன்றைக் கேட்டுப்பாருங்கள்: “அண்ணே, உங்க ஊர்ல எல்லாத் தெருக்காரனும் முறுக்கிக்கிட்டு உங்க தெரு வழியா நடக்கலாமா?” பதில் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதையும் கவனியுங்கள்.